வாலொடிந்த பூனைக்குத் துணி மாற்றிய மழைக்காலம்

மூத்திரம் அடங்காத கதையை நம் வயதுக்காரர்களிடம்தான் கூச்சமில்லாமல் சொல்ல முடியும். சின்னவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் நீங்கள். அதனால் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயதில், ஒரு மழைக்காலம் முழுக்க, மூத்திரமும் மலமும் தன் வசத்தில் இல்லாத ஒரு பூனையைக் காப்பாற்றினேன். காப்பாற்றினேன் என்பது பெரிய வார்த்தை. காப்பாற்றப் பார்த்தேன்.

யுத்தம் முடியப் போகிற சமயம் அது. அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற பாதையில் எங்கள் ஊர். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அரிசிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்குக் கார்டு, துணிக்கும் கார்டு. நாலு பேருக்கு இத்தனை கஜம் என்று கிழித்துக் கொடுப்பார்கள். கிழிந்த துணியைக்கூட யாரும் எறிய மாட்டார்கள். பழைய வேட்டி துண்டாகும், துண்டு கரித்துணியாகும், கரித்துணி நைந்து நூலாகிற வரைக்கும் அடுப்படியில் கிடக்கும்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். உடையார்பாளையம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கட்டிப்போன ஒன்றரை வருஷத்திலேயே ஒரு நாள் மத்தியானம் மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். கொண்டுவந்து விட்ட ஆள் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு ரெண்டு வருஷமாக அத்தை கொல்லைக் கடைசியில், கடலை மூட்டை அடுக்குகிற அறையில்தான் இருந்தாள். சாப்பாடு அங்கேயே போகும். கோயிலுக்கு வர மாட்டாள்.

"அத்தை ஏம்மா வூட்டுக்குள்ள வரமாட்டேங்குது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அத்தைக்கு உடம்பு சரியில்ல" என்றாள் அம்மா.

என்ன உடம்பு என்று நான் கேட்கவில்லை. அந்த அறையில் கடலைத் தொலியின் புழுக்கமும், அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருக்கும். அது அந்த அறையின் வாடை என்றுதான் நினைத்திருந்தேன்.

பூனை அத்தையோடு இருந்தது. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி போட்ட பெட்டைப் பூனை. மூட்டையை எலி கடிக்கிறதென்று கொண்டுவந்தது. ராத்திரி எலி பிடித்துவிட்டுப் பகலில் அத்தையின் கால்மாட்டில் சுருண்டு கிடக்கும். அந்த வீட்டில் அத்தைக்குப் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்த உயிர் அது ஒன்றுதான். நான்கூட வாசற்படியோடு நின்றுகொள்வேன்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மூட்டை ஏற்ற வண்டி வந்து கொல்லையில் நின்றது. வெயிலுக்குப் பூனை சக்கரத்தின் நிழலில் படுத்திருந்தது. வண்டிக்காரர் பார்க்கவில்லை. மாட்டை ஓட்டிவிட்டார். நான் கிணற்றடியில் நின்றிருந்தேன். அது கத்திய சத்தத்தில் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன். சக்கரம் வாலின் அடியில் ஏறி இறங்கியிருந்தது. பூனை முன்னங்காலால் இழுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குள் போய் மூட்டைச் சந்தில் புகுந்தது. வால் அறுந்த கயிறு மாதிரி பின்னால் வந்தது.

ரெண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது நடந்தது. பின்னங்கால் கொஞ்சம் பின்னிக்கொண்டாலும் நடந்தது. நான் கைதட்டிச் சிரித்தேன். அப்புறம்தான் அது நடந்த வழியைப் பார்த்தேன். தரையில் சொட்டுச் சொட்டாக ஈரக் கோடு. நடுவில் சின்ன உருண்டையாக மலம். அது விழுவதே பூனைக்குத் தெரியவில்லை. திரும்பி மோந்து பார்த்துவிட்டு, முன்னங்காலால் சிமெண்ட் தரையைப் பறண்டிப் பறண்டி மூடப் பார்த்தது. மண்ணில்லாத இடத்தில் மண் தள்ளியது.

அன்றிலிருந்து எனக்கு அதே வேலை. பள்ளிக்கூடம் போகிறதற்கு முன்னால், மத்தியானம் ஓடி வந்து, சாயங்காலம். உடைந்த பானை அடியில் ஆற்றுமணல் கொட்டி அதில் உட்கார வைத்தேன். இறங்கி வந்துவிடும். வைக்கோல் போட்டேன். வைக்கோல் குத்திப் புண்ணானது. வாலடியும் தொடையும் எப்போதும் ஈரமாக இருந்ததால் மயிர் கொட்டி, தோல் சிவந்து, தொட்டால் கத்தியது. ஈ மொய்த்தது. ஒரு நாள் அந்தப் புண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்ததைப் பார்த்துவிட்டு, கொல்லைப் படலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அத்தைதான் வந்தாள். "அழுவாத பாப்பா. வேப்பெலை போட்டு வெந்நீர் வை. வெதவெதன்னு இருக்கணும்."

புழுவை ஒவ்வொன்றாக எடுத்தாள். கழுவினாள். தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். "புண்ணு மேல எண்ணெ இருந்தா மூத்திரம் பட்டாலும் எரியாது." துணியை மூன்றாக மடித்து, நடுவில் சாம்பலைப் பரப்பி, இன்னொரு மடிப்பு மடித்தாள். "சாம்பல் ஈரத்தக் குடிச்சுக்கும். நாத்தமும் அடங்கும். உடனே உடனே மாத்திடணும். ஊறவே உடக் கூடாது."

"உனக்கு எப்படி அத்தை இதெல்லாம் தெரியும்?"

"தெரியும்" என்றாள்.

துணிக்கு எங்கே போவது? என் பழைய பாவாடையின் உள்பட்டையைக் கிழித்தேன். அப்பாவின் வேட்டி நுனியைக் கிழித்தேன். அதற்கு அம்மாவிடம் விளக்குமாற்றால் அடி வாங்கினேன். ஒரு நாள் ஒரு துணிகூட இல்லை. பூனை ஈரத்தில் கிடந்தது. ஆமணக்குச் செடிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஏழெட்டுப் பழந்துணி வெளுத்துக் காயப்போட்டிருந்ததைப் பார்த்தேன். மாதா எனக்கென்றே போட்டு வைத்ததாக நினைத்து அத்தனையையும் உருவிக்கொண்டு வந்தேன்.

அன்று முழுக்க அத்தை அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை உள்ளே வாங்கவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "அங்கேயே வெச்சுட்டுப் போ கண்ணு" என்று மட்டும் சத்தம் வந்தது. அந்தத் துணிகள் இல்லாமல் அவள் அன்றைக்கு எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று, எனக்கு முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். நினைத்த இடத்திலேயே அழுதேன்.

அத்தைக்கு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமான பிறகு அவளே சொன்னது. முதல் பிரசவம், மூன்று நாள் வலி. மருத்துவச்சி என்னென்னவோ செய்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது. அத்தை பிழைத்தாள். ஆனால் உள்ளே கிழிந்துபோய், அன்றிலிருந்து மூத்திரம் நிற்கவில்லை. இரவும் பகலும் ஒழுகியது. புருஷன் வீட்டில் நாலு மாதம் பார்த்தார்கள். அப்புறம் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது ஆண்டவர் அனுப்பிய சோதனை என்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் வாய் விட்டுச் சொல்ல வேண்டுமே. ஒழுகுவது குறையட்டும் என்று அத்தை தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். உதடு எப்போதும் வெடித்திருக்கும்.

கார்த்திகை தொடக்கத்தில் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே கொல்லை வரை போனவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே, இவ்வளவு நாத்தம்?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மாதான் சட்டென்று சொன்னாள். "பூனைங்க சாமி. அடிபட்ட பூனை. போற எடமெல்லாம் ஒழுக்கிடுது."

"பிள்ளை இருக்கிற வூட்டுல இதையா வெச்சிருக்கிறது? ஒழிச்சுடுங்க."

அத்தையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குப் பின்னால் அவள் நின்றது எனக்குத் தெரியும். கதவிடுக்கில் அவள் கால்விரல் தெரிந்தது. அம்மா பொய் சொன்னதாக அன்று அவள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. பூனைமேல் முழுப்பழியையும் போடுகிறாளே என்று. யாரை மறைப்பதற்காக அம்மா அப்படிச் சொன்னாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாமியார் போனதும் அப்பா சொன்னார். "திங்கக்கெழம பெரம்பலூர்ல எனக்கு ஆபீஸ் வேல இருக்கு. சாக்குல போட்டு எடுத்துட்டுப் போயி அங்க உட்டுட்டு வந்துடறேன்."

"செத்துடும்ப்பா! அதால ஓட முடியாதுப்பா! நாயி கடிச்சுடும்!"

"வாய மூடு."

அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினேன். அவர் காலை உதறவில்லை. நான் ஓயும்வரை நின்று, அப்புறம் மெதுவாக என் கையை எடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலையில் அப்பாவும் அம்மாவும் ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். வண்டி தெருவைத் தாண்டியதும் அத்தை அறையை விட்டு வெளியே வந்தாள். சேலையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். கையில் கூடை.

"பூனையத் தூக்கு பாப்பா. அரியலூர்ல மாட்டாஸ்பத்திரி இருக்காம். காட்டிட்டு வந்துடுவோம்."

ரெண்டு வருஷத்தில் அத்தை தெருவில் கால் வைத்தது அன்றுதான். தனக்காக வைக்கவில்லை.

பெட்ரோல் பஞ்சத்தில் அப்போது கரி பஸ் ஓடியது. முதுகில் பெரிய அடுப்பைச் சுமந்துகொண்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போகும். கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். ரெண்டு மைல் போவதற்குள் முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இன்னொருவர். கண்டக்டர் வந்தார்.

"என்னம்மா இது? பஸ்ஸா கக்கூஸா?"

"பூனைங்க" என்றாள் அத்தை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எறங்கு. எறங்குங்கிறேன்ல. இத்தன பேரு எப்படி வர்றது?"

நடுவழியில் இறக்கிவிட்டார்கள். ஜன்னலில் இருந்து ஒரு பையன் மூக்கைப் பிடித்துக் காட்டினான். அத்தை எனக்கு முன்னால் நடந்தாள். அவள் சேலை பின்பக்கம் நனைந்திருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று நினைத்தேன். மழை அப்போது இன்னும் வரவில்லை. பிறகு வந்தது. கரிசல் மண் காலோடு அப்பிக்கொண்டு தூக்க விடவில்லை. கூடைக்குள் பூனை ஓயாமல் கத்தியது. அத்தை பாதையோரத்தில் நின்று, வானத்தைப் பார்த்து, "இன்னும் என்ன வேணும் ஒனக்கு?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியாமல் நான் கூடையை இறுக்கிக்கொண்டேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் காக்கி அரைக்கால் சட்டை போட்டவர். மாட்டைக் கட்டும் மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜையில் பூனையை வைக்கச் சொன்னார். பூனையையா கொண்டுவந்தீர்கள் என்று அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இன்றுவரை கும்பிடுகிறேன். வாலைக் கிள்ளினார். பூனைக்கு உறைக்கவில்லை. வயிற்றைத் தடவினார்.

"மூத்திரப் பை ரொம்பிக் கெடக்கு. ரொம்பி வழியறதுதான் சொட்டுது. தானாப் போவத் தெரியல" என்று சொல்லிவிட்டு, தொடைக்கு முன்னால் விரலை வைத்து மெள்ள அமுக்கினார். பீச்சிக்கொண்டு வந்தது. என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று என் விரலுக்குள் உருண்டது. "ஒரு நாளைக்கு மூணு தடவ இப்படி எடுத்துடு. தண்ணி நெறையக் குடிக்கக் குடு. கொறச்சா எரிச்சல்தான் கூடும்."

"நல்லாவாதுங்களா?" என்றாள் அத்தை.

"வாலு வேருல நரம்பே அறுந்து போச்சும்மா. நரம்பத் தைக்க முடியாது. கிழிசலா இருந்தாத் தைக்கலாம். கன்னு போடறப்ப மாட்டுக்குக் கிழிஞ்சா நாங்களே தைக்கிறோம்."

அத்தை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஈரத்தில் அவள் கை வெளிறியிருந்தது.

"மாட்டுக்குத் தைப்பீங்களா?"

"ஆமா."

"பொம்பளைக்கு?"

டாக்டர் நிமிர்ந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார், அவள் நின்ற இடத்தில் தரையில் தேங்கியிருந்ததைப் பார்த்தார். மாட்டோடு நின்ற ஆட்களை வெளியே போகச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு நாளாச்சும்மா?"

"ரெண்டு வருஷம் ஆவுதுங்க."

"மிஷன் ஆஸ்பத்திரில லேடி டாக்டருங்க இதத் தைக்கிறாங்கம்மா. எல்லாருக்கும் சரியாயிடும்னு சொல்ல முடியாது. ஆனா தைக்கிறாங்க. யாருமே ஒங்களுக்குச் சொல்லலியா?"

ஒரு சீட்டில் ஊர் பேரை எழுதிக் கொடுத்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியும். அதை வாங்கி மூன்று தடவை படித்தாள்.

திரும்ப நாங்கள் முழு வழியும் நடந்தோம். வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது.

"ஒரு மாட்டு வைத்தியன்கிட்ட போயா இதச் சொன்ன? நாளைக்கு ஊர் முழுக்கப் பேசும். நான் பள்ளிக்கூடத்துல எப்படி நிக்கிறது?"

அத்தை அதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"மாடாப் பொறந்திருந்தா அன்னிக்கே தைச்சிருப்பாங்க அண்ணே" என்றாள். "பூனையத் தூக்கிப் போடறதுன்னா என்னையும் சேத்துப் போட்டுடு. அது போனாலும் நாத்தம் போவாது. ஒனக்கே தெரியும்."

அந்த அறையின் வாடை யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பூனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது என் பாவாடையை நனைத்துக்கொண்டிருந்தது.

அம்மா அத்தையின் கையிலிருந்த சீட்டை வாங்கினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா அந்தத் துணிய நான்தாங்க வெளுக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். "நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் வாயத் தொறக்க வேணாம்."

புதன்கிழமை ரெண்டு பேரும் அரியலூரில் ரயில் ஏறினார்கள். அப்பா திங்கட்கிழமை பெரம்பலூர் போய்விட்டு வந்திருந்தார். சாக்கை எடுத்துப் போகவில்லை. ரயில் கிளம்பும்போது அத்தை என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மூணு வேளையும் மறக்காத பாப்பா."

மறக்கவில்லை. ஆனால் பத்து நாளில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. எழுந்தால் தலை சுற்றியது. பூனை கட்டிலுக்கு அடியில் கிடந்து முனகியது. அதன் வயிறு வெடித்துவிடும் என்று நான் பிதற்றினேனாம். அப்பா காலையில் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பூனையைத் தூக்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க அமுக்கணும்?"

நான் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். முதல் தடவை அமுக்கியதும் அவர் மடியெல்லாம் ஆனது. மலமும் வந்தது. ஓடிப் போய்க் கிணற்றடியில் குமட்டினார். கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். மறுபடியும் அமுக்கினார். துணியை மடிக்கத் தெரியாமல் மடித்து, சாம்பலைக் கட்டிலெல்லாம் கொட்டினார். அப்புறம் பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எரியுமா இது?" என்று கேட்டார்.

"எண்ணெ தடவலேன்னா எரியும். அத்தை சொல்லிச்சு."

அப்பா அழுததை நான் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். தங்கையிடம் ரெண்டு வருஷமாகக் கேட்காத கேள்வியை ஒரு பூனைக்காக என்னிடம் கேட்டார்.

எனக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் காலை வேளையை அவரே பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. அங்கிருந்த கன்னியாஸ்திரி மதர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. முதல் தையல் பிரிந்துவிட்டது, காயம் ஆறியதும் இன்னொரு தடவை தைக்கப் போகிறார்கள், ஜெபியுங்கள் என்று இருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். இருட்டியும் வரவில்லை. நானே போய்க் கூட்டி வந்தேன்.

மார்கழிப் பனியில் பூனை சாப்பிடுவதை நிறுத்தியது. அமுக்கினால் ரத்தம் கலந்து வந்தது. அப்பா அதைக் கூடையில் வைத்துக்கொண்டு அரியலூருக்கு நடந்தே போய் வந்தார். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன். டாக்டர் ஏதோ மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. கிறிஸ்து பிறந்த திருநாள் கழிந்து நாலாம் நாள், மணலில் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்துக்கொண்டது. கடைசிவரை அந்த மணலைக் காலால் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டுதான் இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் அத்தையும் அம்மாவும் வந்தார்கள். அத்தை மெலிந்து, நரம்பு தெரிய, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தாள். தெருவிலேயே கேட்டாள்: "பூனை எங்க பாப்பா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சொன்னார்: "காப்பாத்த முடியலம்மா. நானும் பார்த்தேன். முடியல."

'நானும்' என்ற சொல்லைக் கேட்டு அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

கொல்லைப் பக்கம் போகத் திரும்பியவளை அம்மா கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனாள். கூடத்தில் பாய் விரித்தாள். அத்தை தயங்கி, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். அம்மா ஆஸ்பத்திரிக் கதை சொன்னாள். அத்தை ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பேசிக்கொண்டே வெகுநேரம் ஆகிவிட்டது. பிறகு விளக்கேற்ற வேண்டுமென்று அத்தை எழுந்தாள்.

எழுந்ததும் நாங்கள் மூன்று பேரும் பாயைப் பார்த்தோம். அப்பா, அம்மா, நான். ஒருவர் சொல்லி ஒருவர் பார்க்கவில்லை. கண் தானாகப் போனது.

பாய் உலர்ந்திருந்தது.

நாங்கள் பார்த்ததை அத்தை பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. குனிந்து, தன் கையாலேயே அந்த இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு விளக்கேற்றப் போனாள்.